அடுப்பேறாத ஒரு கறி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பச்சை உணவைப் பற்றி. சமைக்காமல் சாப்பிடும் காய், கனி, கீரை, ஊறவைத்த பருப்பு ஆகியவற்றையே இங்கே பச்சை உணவு என்று சொல்கிறேன்.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான எண்ணங்கள் இருக்கின்றன. பச்சையாகத் தின்பது ஆடு மாடுகளின் வேலை, மனிதனுக்கு வெந்ததுதான் உணவு என்பது ஓர் எண்ணம். அடுப்பில் ஏற்றினாலே சத்தெல்லாம் செத்துப்போகும், எல்லாவற்றையும் பச்சையாகவே தின்ன வேண்டும் என்பது இன்னோர் எண்ணம். இரண்டாவது கட்சிக்காரர்கள் பத்து வகைக் காய், ஐந்து வகைக் கொட்டை, தேன், ஆலிவ் எண்ணெய் என்று ஒரு பெரிய பட்டியலை நீட்டுவார்கள். விடியுமுன்னே எழுந்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, பெரட்டுக்கு ஓட வேண்டிய ஒரு தாய்க்கு அந்தப் பட்டியலால் என்ன பயன்?

நான் சொல்ல வந்தது மிகவும் எளியது. சோறும் குழம்பும் இருந்தபடியே இருக்கட்டும். அதனுடன் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கறி அடுப்பேறாததாக இருக்கட்டும். அந்தக் கறியில் ஒரே ஒரு பொருள் இருந்தால் போதும். ஒரு கத்தி, ஒரு தட்டு, நல்ல தண்ணீர், ஐந்து நிமிட நேரம், இவ்வளவுதான் தேவை. ஆனால் சமைக்கிற வேலை குறைந்தால், பொறுக்குகிற வேலையிலும் கழுவுகிற வேலையிலும் கவனம் கூட வேண்டும். ஏனென்றால், கிருமியைக் கொல்லும் நெருப்பு இங்கே நமக்குத் துணைக்கு வருவதில்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பச்சை உணவு நமக்குப் புதியதன்று. ஸ்ரீராம நவமிக்குப் பானகமும் வடைப்பருப்பும் படைக்கிறார்களே, அந்த வடைப்பருப்பு என்ன? ஊறவைத்த பாசிப்பருப்பு, துருவிய தேங்காய், நறுக்கிய மாங்காய் அல்லது வெள்ளரிக்காய். அடுப்பு அதன் பக்கமே போவதில்லை. மாரியம்மன் திருவிழாவில் படைக்கிற துள்ளுமாவு எது? ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்தது. வெள்ளரிப் பச்சடியும் வெங்காயப் பச்சடியும் விருந்து இலையில் தவறாமல் இடம் பெறுகின்றன. பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போன நம் பாட்டன்மார், பச்சை உணவு என்ற பெயர் தெரியாமலே அதைச் சாப்பிட்டவர்கள்தாம். யாழ்ப்பாணத்தில் வல்லாரையைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூ சேர்த்துச் சம்பல் செய்கிறார்கள்.

நம் அண்டை வீட்டு மலாய்க்காரர்களைப் பாருங்கள். அவர்கள் சாப்பாட்டில் உலாம் என்று ஒன்று உண்டு. நாம் வல்லாரை என்பதை அவர்கள் பெகாகா என்கிறார்கள். பெகாகா, உலாம் ராஜா, முந்திரிக் கொழுந்து, வெள்ளரிக்காய், சிறகவரை ஆகியவற்றைக் கழுவித் தட்டில் வைத்து, சம்பல் பெலாச்சானைத் தொட்டுக்கொண்டு சோற்றோடு சாப்பிடுகிறார்கள். தாளிப்பு கிடையாது, அரைப்பு கிடையாது. எளிமைக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

எல்லாவற்றையும் பச்சையாகவே தின்று பார்த்தால் என்ன ஆகும்? இதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் காந்தியடிகள். 1929ஆம் ஆண்டில், இராஜமுந்திரியைச் சேர்ந்த கோபாலராவ் என்பவர் சமைக்காத உணவையே உண்டு வருவதை அறிந்து, தாமும் அதைத் தொடங்கினார். நாள் ஒன்றுக்கு முளைவிட்ட கோதுமை எட்டுத் தோலா, அரைத்த வாதுமைப் பருப்பு எட்டுத் தோலா, இடித்த பச்சைக் கீரை எட்டுத் தோலா, ஆறு எலுமிச்சம்பழம், கொஞ்சம் தேன், இதுதான் அவருடைய அளவு. எட்டுத் தோலா என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 93 கிராம். அடுப்புச் செலவும் நேரமும் மிச்சப்படும், பெண்களின் சமையல் பாரம் குறையும் என்பது அவர் கண்ட நன்மைகளில் ஒன்று. ஆயினும் சில மாதங்களுக்குள் வயிற்றுக் கடுப்பு வந்து, ஆகஸ்டு மாதத்தில் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டு மீண்டும் ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். நடந்ததை மறைக்காமல் தம் யங் இந்தியா இதழிலேயே எழுதினார்.

அளந்து உண்ட காந்தியடிகளுக்கே அது ஒத்துவரவில்லை. வெயிலில் செம்பனைக் குலை வெட்டிச் சுமக்கிற உடம்புக்கும், வளருகிற பிள்ளைக்கும் பச்சைக் காய் மட்டும் எப்படிப் போதும்? சோறு, பருப்பு, மீன், முட்டை எல்லாம் வேண்டும். பச்சைக் கறி அவற்றுக்குத் துணையாக வர வேண்டியது.

அந்தத் துணையால் என்ன நன்மை என்று பார்ப்போம்.

முதலாவது, வைட்டமின் சி எனப்படும் உயிர்ச்சத்து. இது சூட்டில் கெடும், தண்ணீரில் கரையும். கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் இந்தச் சத்தில் பெரும்பகுதி தொட்டிக்குத்தான் போகிறது. இந்தச் சத்துக்காக ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிச் செலவு செய்ய வேண்டியதில்லை. எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சில் இருப்பதைப்போல் மூன்று நான்கு மடங்கு வைட்டமின் சி கொய்யாப்பழத்தில் இருக்கிறது. ஆப்பிளில் அது மிகக் குறைவு. ஒரு சிறிய கொய்யாப்பழம் ஒரு பிள்ளையின் அன்றாடத் தேவைக்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாவது, இரத்தச் சோகை. கீரையிலும் பருப்பிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் நம் குடல் அதை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அதே வேளையில் வைட்டமின் சி உள்ள ஒரு பொருள் வயிற்றுக்குள் போனால், அந்த இரும்புச்சத்து கூடுதலாக உடம்பில் சேரும். பருப்புச் சோற்றுக்குப் பக்கத்தில் இரண்டு துண்டு தக்காளி, கடைசியில் ஒரு துண்டு கொய்யா அல்லது பப்பாளி வைத்தால் அந்தச் சாப்பாட்டின் மதிப்பே மாறிவிடும். இதற்கு நேர்மாறானது தேத்தண்ணீர். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் இது மிகவும் முக்கியம்.

மூன்றாவது, நீரிழிவு. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். அந்தக் கணக்கில் நம்மில் மூவரில் ஒருவர் என்றே சொல்லலாம். போதுமான அளவு காய்கனி உண்ணாதவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேர் என்றும் அதே ஆய்வு காட்டியது. சுகாதார அமைச்சு சுக்கு சுக்கு செப்பாரோ என்று ஒரு தட்டுக் கணக்குச் சொல்கிறது. தட்டில் கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது இறைச்சி அல்லது பருப்பு, மீதி அரைவாசி காய்கனி. அந்த அரைவாசியை வதக்கியும் பொரித்தும் நிரப்பப் பார்த்தால் நேரமும் போதாது, எண்ணெயும் கூடும். ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி, எது பச்சையாகத் தின்னத் தக்கது, எது தகாதது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரவள்ளிக்கிழங்கையும் அதன் கொழுந்தையும் ஒருபோதும் பச்சையாகத் தின்னக்கூடாது. அதில் சயனைடு என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்த நம் முன்னோர், தோலை உரித்து, வேகவைத்துத்தான் தின்றார்கள். விளையாட்டுப் பிள்ளைகள் பச்சைக் கிழங்கைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூங்கில் குருத்துக்கும் இதே விதிதான். சேப்பங்கிழங்கும் அதன் இலையும் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். சிவப்புக் காராமணி போன்ற பெரிய அவரை விதைகளை ஊறவைத்து, நன்றாகக் கொதிக்க வைத்தே உண்ண வேண்டும். பாக்கு எனப்படும் பெரணிக் கொழுந்தையும் வேகவைத்தே உண்ணுங்கள். கங்கோங் கீரை சதுப்பிலும் வாய்க்காலிலும் வளர்வது. அதன் தண்டிலும் இலையிலும் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கக்கூடும் என்பதால் அதற்கும் அடுப்புத்தான் சரி. உலாமோடு சிலர் தின்னும் ஜெரிங் கொட்டை சிறுநீரை அடைத்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதைத் தவிர்ப்பதே நல்லது. செங்குவாங் கிழங்கைத் தோல் சீவிப் பச்சையாகத் தின்னலாம். ஆனால் அதே கொடியின் விதை நஞ்சு.

சில காய்கள் வெந்தால்தான் நமக்கு அதிகப் பலன் தரும். கேரட்டில் உள்ள வைட்டமின் ஏ சத்து, கொஞ்சம் எண்ணெயில் வதங்கினால் உடம்பில் நன்றாகச் சேரும். முருங்கைக் கீரையும் அப்படித்தான். ஆகையால் பச்சையாகத் தின்றால் எல்லாமே உயர்வு என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

எதைத் தின்பது என்பதைப்போலவே, அது எங்கே வளர்ந்தது என்பதும் பெரிய கேள்வி. பாசிர் கூடாங் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது இன்னும் பெரிய கேள்வி. ஒரு பக்கம் செம்பனைக் காடு, இன்னொரு பக்கம் ஆலைகள், எண்ணெய்க் கிடங்குகள், 1977ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் ஜொகூர் துறைமுகம். இவற்றுக்கு நடுவில்தான் நம் வீடுகளும் பள்ளிகளும் இருக்கின்றன.

செம்பனை மரத்தடியில் வல்லாரையும் வேறு கீரைகளும் செழிப்பாக வளர்ந்திருக்கும். ஓசியில் கிடைக்கிறதே என்று பறிக்கத் தோன்றும். அந்த இடத்தில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதனால் மருந்து அடிப்பது நின்றுவிடவில்லை, வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் இருக்கின்றன. இலைக்குள் ஊறிப்போன மருந்து கழுவினாலும் போகாது, சமைத்தாலும் போகாது. மருந்து அடிக்கிற வேலை செய்யும் சகோதரிகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எந்தக் காட்டில் என்றைக்கு மருந்து அடித்தது என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அண்டை வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள். வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவி, உடை மாற்றிய பிறகே காய்கறியைத் தொடுங்கள். மருந்து வந்த புட்டியிலும் வாளியிலும் எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் பிடிக்கக்கூடாது.

ஆலைப்பக்கம் என்ன நிலை? 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்த வட்டாரத்துப் பெற்றோர் யாருக்கும் மறந்திருக்காது. கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைத் திருட்டுத்தனமாகக் கொட்டினார்கள். அந்த நச்சுக் காற்றால் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. கொட்டியது ஓர் ஆற்றில், துன்பம் ஊர் முழுவதற்கும். ஆற்றோரத்திலும், ஆலைக் கால்வாய் ஓரத்திலும், பெருஞ்சாலை ஓரத்திலும் முளைத்த கீரை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் நம் தட்டுக்கு வேண்டாம். சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே சிக்கனம். மருத்துவமனைச் செலவைவிட ஐம்பது காசுக் கீரை பெரிதல்ல.

அடுத்தது கழுவும் முறை. நம் மண்ணில் நாக்குப்பூச்சி முட்டைகள் கிடக்கும். எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சல் உண்டு. நத்தை ஊர்ந்த இலையில் மூளையைத் தாக்கும் புழு ஒட்டியிருக்கக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் முதல் காவல், குழாயில் ஓடுகிற தண்ணீர். கீரையைக் கட்டோடு வாளியில் முக்கி எடுத்தால் போதாது. கட்டைப் பிரித்து, ஒவ்வோர் இலையையும் முன்னும் பின்னும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். காயை முழுதாகக் கழுவிய பிறகே வெட்டுங்கள். வெட்டிவிட்டுக் கழுவினால் சத்து வெளியே போகும், அழுக்கு உள்ளே போகும். தோல் சீவப்போகும் காயையும் சீவுவதற்கு முன் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் கிருமி எல்லாம் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். உப்பு சில பூச்சிகளை வெளியே வரச் செய்யும், அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர் ஆகியவற்றைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால், கடைசியாக அலசும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கோழியும் மீனும் வெட்டிய பலகையிலும் கத்தியிலும் அப்படியே வெள்ளரிக்காயை வெட்டக்கூடாது. பச்சைக் கறியை முதலில் வெட்டி மூடி வைத்துவிட்டு, பிறகு மீனை எடுங்கள். இன்னொரு பலகை வாங்கும் செலவும் மிச்சம்.

முளைகட்டிய பயறு நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் பயறு முளைக்கிற ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் ஏற்றவை. 2011ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஈ. கோலை என்னும் கிருமியின் ஒரு கொடிய வகை பரவி, ஐம்பது பேருக்குமேல் இறந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, பச்சையாகத் தின்ற வெந்தய முளையில் போய் அது முடிந்தது. ஆகவே கடையில் வாங்கும் தாவ்கேயை எப்போதும் வேகவைத்தே உண்ணுங்கள். வீட்டில் முளைகட்டியதைக்கூடக் கொதிக்கும் நீரில் போட்டு ஆவி பறக்க எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் இது கட்டாயம். முளைகட்டுவதைவிட எளிய வழி வடைப்பருப்புத்தான். சுத்தமான தண்ணீரில் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, உடனே சாப்பிட்டுவிடலாம்.

சரி, வாரம் முழுவதற்கும் எப்படித் திட்டமிடுவது? திங்கட்கிழமை வெள்ளரிக்காய். செவ்வாய்க்கிழமை தக்காளியும் வெங்காயமும். புதன்கிழமை செங்குவாங், மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வியாழக்கிழமை இளம் பயற்றங்காய் அல்லது சிறகவரை. வெள்ளிக்கிழமை வடைப்பருப்பு, விரதம் இருப்பவர்களுக்கும் பொருத்தமாக இருக்கும். சனிக்கிழமை வல்லாரைச் சம்பல். ஞாயிற்றுக்கிழமை பப்பாளி அல்லது கொய்யா. ஒரு நாளைக்கு ஒரு பொருள் என்பதால் வாங்குவதும் சுலபம், வீணாவதும் குறைவு. சந்தையில் எது மலிவோ அதை வைத்துக் கிழமையை மாற்றிக்கொள்ளுங்கள். உப்பைக் கையால் அள்ளிப் போடாதீர்கள். எலுமிச்சை பிழிந்தால் பாதி உப்புப் போதும்.

இன்னொரு விதி, வெட்டினால் உடனே உண்ண வேண்டும். நம் நாட்டுச் சூட்டில் வெட்டிய காயும் பழமும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக்கூடாது. விடியற்காலையில் வெட்டிப் பத்து மணி ஓய்வுக்குப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். முழு வாழைப்பழம், முழுக் கொய்யா, கழுவிய முழு வெள்ளரிப்பிஞ்சு, இவற்றைப் பையில் போட்டு அனுப்புங்கள். அம்மாவுக்கும் கத்தி எடுக்கிற வேலை இல்லை. வேலைக்காட்டுக்குக் கொண்டுபோவதற்கும் இதுவே வழி. அங்கே கை கழுவத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தோலை உரித்துத் தின்னும் பழமாகக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, யார் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. சிறு குழந்தைகளுக்குக் கடினமான காயைத் துருவிக் கொடுங்கள், துண்டு தொண்டையில் சிக்கும். பல் போன பெரியவர்களுக்கும் துருவினால் போதும். நீரிழிவுக்காரர்கள் பழத்தைச் சாறு பிழியாமல், துண்டாக, அளவோடு சாப்பிடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பழமும் பச்சைக் கீரையும் எவ்வளவு சேர்க்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குறிப்பாக, பிளிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழம் அவர்களுக்கு ஆகவே ஆகாது. நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும் ஒரு நஞ்சு அதில் இருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நம் வீடுகளில் நீரிழிவு எவ்வளவு என்று முன்பே சொன்னேன். அந்த நீரிழிவே பலருக்குச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. ஆகையால் இதை அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

நம்பிக்கையான பச்சைக் காய் வேண்டுமானால் வாசலிலேயே வளர்ப்பதுதான் சிறந்தது. நல்ல மண் நிரப்பிய இரண்டு பூச்சட்டியில் வல்லாரை படரும். ஒரு கழி நட்டால் பயற்றங்கொடி ஏறும். இடம் இருந்தால் ஒரு பப்பாளி, ஒரு கொய்யா. சாக்கடைத் தண்ணீர் ஊற்றாமல், மருந்து தெளிக்காமல் பிள்ளைகளையே வளர்க்கச் சொல்லுங்கள். தான் நீர் ஊற்றிய செடியின் இலையைப் பிள்ளை வேண்டாம் என்று ஒதுக்காது.

நாளைக்குச் சோறு வடிக்கும்போது, பக்கத்தில் ஒரு வெள்ளரிக்காயைக் கழுவி வையுங்கள். சாப்பிட உட்காரும்போது வெட்டுங்கள். அவ்வளவுதான் தொடக்கம்.